கிட் வாங்கினால் ஒரே மயில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் காகிதச் சுருளால் சுவர்ப்படம் செய்யும் முறை வந்திருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் 'தேவையான பொருட்கள்' என்று போட்டிருந்த பதினொன்றில் கத்தரிக்கோலைத் தவிர மற்ற பத்தும் கடையில் வாங்க வேண்டியவை. ஒட்டும் கல், ஒட்டும் முத்து, குவில்லிங் கிட் என்று காகிதச் சுருள் வேலைக்கான சாமான்களை ஒன்றாகப் போட்டு விற்கிற பெட்டி. கிட் வாங்கினால் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரே மயில்தான் நிற்கும்.

முப்பது வருஷம் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். போன மழைக்காலத்தில் நானும் ஒரு படம் செய்தேன். கையால் செய்த காகிதத்தைச் சுருட்டி, குழல்களை நெருக்கி நிற்கவைத்து, தேன்கூடு மாதிரி. காகிதத்துக்குக் காசு கொடுக்கவில்லை. எங்கள் ஊரான புதுச்சேரியில் 1959 முதல் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பரிசுப் பை, ஃபைல் அட்டை என்று அந்த மாதிரிக் காகிதம் எப்படியும் வீட்டுக்குள் வந்துவிடும்.

பருத்தித் துணி வெட்டுகளைக் கூழாக்கிச் சல்லடைச் சட்டத்தில் அள்ளி எடுக்கிற காகிதம் அது. மிஷின் காகிதத்தில் நார் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும்; குறுக்கே சுருட்டினால் மடிப்பு விழுந்துவிடும். இதில் நார் நாலா பக்கமும் கலந்து கிடப்பதால் எப்படிச் சுருட்டினாலும் வளைந்துகொடுக்கிறது. கத்தரிக்கவே வேண்டாம். ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் பஞ்சு மாதிரி நார் நிற்கும். அந்த ஓரம்தான் அழகே. நீங்கள் சொன்ன 3 மி.மீ. பட்டை இதற்குச் சரிப்படாது, பிய்ந்துவிடும். நான் ஒன்றரை அங்குலமாகக் கிழித்து, மெல்லியதை ஈர்க்குச்சியிலும் தடித்ததைப் பென்சிலிலும் சுற்றினேன்.

பசை விஷயத்தில் ஏமாந்தேன். மைதாவைக் காய்ச்சி ஒட்டினேன். அந்தக் காலத்தில் அதில் மயில்துத்தம் என்கிற நீல நிறச் செம்பு உப்பைக் கலப்பார்கள், பூச்சி வராது. பேத்தி தவழ்கிற வீட்டில் விஷம் எதற்கு என்று நான் விட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில், புத்தகத்தை அரிக்கிற இராமபாணப் பூச்சி ஒரு மூலையை அரித்து, இருபது குழல் போச்சு. அப்புறம் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைக்கு மாறினேன்.

அலங்காரத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்தவர். அவர் போன பிறகும் அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பற்சக்கரமும் முள்ளும் சாவியும் கிடந்தன. ஒவ்வொரு குழல் வாயிலும் ஒன்றை வைத்துப் பார்த்தேன். சில அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. எல்லாவற்றிலும் வைத்தால் நகைக்கடை ஷோகேஸ் ஆகிவிடும் என்று முக்கால்வாசியைக் காலியாகவே விட்டேன். நடுவில் வளையல் துண்டு இரண்டு, நைந்துபோன பட்டுப்புடவையிலிருந்து உருவிய ஜரிகை ஒரு சாண். அவ்வளவுதான். குன்றிமணியும் கையில் இருந்தது. சிவப்பும் கறுப்புமாக எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கடித்து மென்றால் கொடிய விஷம். குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

அடுத்த செய்முறையில், கடைப் பட்டியலுக்குப் பதிலாக அவரவர் வீட்டு டப்பாவில் என்ன கிடக்கிறது என்று வாசகர்களையே கேட்டு எழுதுங்களேன். தையல்காரர் வீட்டில் பட்டன் இருக்கும், மெக்கானிக் வீட்டில் வாஷர் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.