பத்துப் பேர் கூடும் இடம்

அன்புள்ள கயல்,

பழைய கட்டடம் பிழைக்க வேண்டுமென்றால் மியூசியமாகவோ காபிக்கடையாகவோ மாறித்தான் ஆக வேண்டும் என்று போனில் சொன்னாயே, அது மனசை விட்டுப் போகவே இல்லை. கட்டடக்கலை படித்தவள் நீ. ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லைம்மா. நம் சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் கிருஷ்ணன் கோயிலிலிருந்து பிராஸ் பாசா பக்கம் நடந்தால் மகைன் அபோத் யூத ஜெபாலயம் வரும், ஞாபகம் இருக்கிறதா? 1878இல் கட்டியது, தென்கிழக்கு ஆசியாவில் இன்றும் நிற்கிற ஜெபாலயங்களிலேயே பழையது, இன்றும் அங்கே பிரார்த்தனை நடக்கிறது.

அதற்கு முன் யூதர்கள் போட் கீ பக்கம் ஒரு கடைவீட்டில்தான் தொழுதார்கள். சினகாக் என்றால் யூத ஜெபாலயம்; சினகாக் ஸ்ட்ரீட் என்ற பெயர் மட்டும் அங்கே மிச்சம். குடும்பங்கள் மிடில் ரோடு, வாட்டர்லூ பக்கம் குடிவர, ஜெபாலயமும் கூடவே வந்துவிட்டது. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள், வண்டி ஏறக் கூடாது, நடந்துதான் வர வேண்டும், அதனால் வீடு எங்கேயோ அங்கேதான் ஆலயமும். நம் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் இந்தச் சமூகத்துப் பிள்ளைதான்.

அனுமதி வாங்கி உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். நடுவில் வாசிக்கிற மேடை, மேலே பெண்கள் உட்காரும் மாடம். அவர்களுடைய வேதமான தோராவை எழுதிய சுருளை வெள்ளித் தகடு போர்த்திய மரக்கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். பாக்தாத் யூதர் வழக்கப்படி, கூட்டைக் கதவு மாதிரி இரண்டாகத் திறந்து, சுருளைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்தே வாசிக்கிறார்கள்.

பத்து ஆண்கள் கூடினால்தான் அவர்களால் தோராவை முறைப்படி வாசிக்க முடியும், சில பிரார்த்தனைகளைச் சொல்லவும் முடியும். போருக்கு முன் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் பலர் முகாமில் அடைபட்டார்கள், அப்புறம் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று நிறையக் குடும்பங்கள் போயே போய்விட்டன. எஞ்சியவர்கள் விடாமல் வந்தார்கள் பார், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தது 1998இல்தான். அதற்குள் 120 வருஷம் ஓடிவிட்டது. அத்தனை காலமும் அதைத் தாங்கியது தொழ வந்தவர்கள்தானே, கயல்?

டிசம்பரில் வருகிறாய் அல்லவா, முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். வாசலில் சோதனை உண்டு, பாஸ்போர்ட்டை மறக்காதே. சனிக்கிழமை வேண்டாம், அன்று அவர்கள் நிம்மதியாகத் தொழட்டும். உள்ளே நின்று நீயே பார், அப்புறம் உன் கட்சியைச் சொல், கேட்கிறேன்.

அப்பா