சனிக்கிழமை கூலியும் ஞாயித்துக்கிழமை ஏலமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு தோத்திரம்.

போன மாச நம்ம திருச்சபை இதழ்ல ஒரு ஐயா எழுதியிருந்தாங்க, வாலிப பிள்ளைங்க கோயில விட்டு விலகிப் போறதுக்கு செல்போனும் சினிமாவும்தான் காரணம்னு. ஒரு வருஷம் முந்தி வரைக்கும் நானும் அப்படித்தான் பேசிட்டு திரிஞ்சேன். இப்ப என்னால அப்படி சொல்ல முடியல, ஏன்னா என் வீட்டுல நடந்தது வேற. அத எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சு, வீட்டுக்காரிகிட்டயும் மகன்கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதுறேன்.

நான் பாளையங்கோட்டை பக்கத்துல சின்ன சின்ன வீடு கட்டிக்குடுக்குற காண்ட்ராக்டர். முதல்ல கையாளா போயி, கொத்தனாராகி, இப்ப 14 வருஷமா சொந்தமா வேலை எடுத்து செய்றேன். எங்க தாத்தா சபையில வேதம் சொல்லிக்குடுத்த உபதேசியார். எங்க அம்மா தினமும் உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போடுவாங்க, மாசக் கடைசியில அது கோயிலுக்கு போகும், வீட்டுல கஞ்சி குடிக்கிற நாள்லயும் அந்த பிடி அரிசி நின்னதில்ல. அந்த வீட்டுல வளந்தவன் நான். கமிட்டியில ரெண்டு தடவ இருந்திருக்கேன், வருமானத்துல பத்துல ஒரு பங்கு குடுக்குற தசமபாகம் தவறாது, ராத்திரி குடும்ப ஜெபம் தவறாது. பெருமைக்கு சொல்லல ஐயா, இவ்வளவும் இருந்தும் என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் இதெல்லாம் சொல்றேன்.

மகன் சிவில் டிப்ளமோ முடிச்சிட்டு என் கூட சைட்டுக்கு வந்தான். வந்து ஆறேழு மாசத்துல திருவிருந்துல அப்பமும் திராட்சரசமும் எடுக்கிறத நிறுத்திட்டான். ஆராதனைக்கு வருவான், பிரசங்கம் கேப்பான், திருவிருந்து ஆரம்பிக்கும்போது எந்திரிச்சு வெளிய வேப்பமரத்தடியில போயி நிப்பான். நான் செல்போனதான் குறை சொன்னேன். சபை போதகர் ஐயர்கிட்ட சொல்லி பேசச் சொன்னேன், உபவாச ஜெபத்துல அவன் பேர எழுதிக் குடுத்தேன். ஏன் இப்படி இருக்கன்னு அவன்கிட்ட உக்காந்து ஒரு வார்த்தை நான் கேக்கல.

போன வருஷம் எங்க சபையில அறுப்பின் பண்டிகை வந்துச்சு. எங்க பக்கம் எப்படின்னா ஆராதனை முடிஞ்சதும் ஜனங்க கொண்டு வந்து படைச்ச பூசணிக்கா, வாழைத்தார், முருங்கைக்கா கட்டு, கோழி, ஆட்டுக்குட்டி எல்லாத்தையும் ஒவ்வொன்னா ஏலம் விடுவாங்க, சந்தையில 400 ரூபாய்க்கு கிடைக்கிற சேவல் இங்க 4000த்துக்கு போகும், கர்த்தருக்கு குடுக்கிறதுதானேன்னு யாரும் கணக்கு பாக்க மாட்டாங்க. அந்த சந்தோஷம் எனக்கு சின்ன வயசுல இருந்தே பிடிக்கும், இப்பவும் பிடிக்கும். அன்னைக்கு ஒரு சேவல நான் 4200 ரூபாய்க்கு எடுத்தேன். மைக்ல என் பேர சொன்னாங்க. அப்புறம் அசனம், எல்லா சாதிக்காரங்களும் எல்லா மதத்துக்காரங்களும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுறது, நான்தான் கறி வாளிய தூக்கிட்டு போயி பரிமாறினேன்.

ராத்திரி கொல்லையில சேவல கட்டிட்டு நிக்கேன், மகன் பக்கத்துல வந்து கேட்டான், "அப்பா, இத யார் காசுல வாங்குனீங்க?"ன்னு.

எனக்கு முதல்ல புரியல. அவனே சொன்னான். "நேத்து சாயங்காலம் 9 பேரையும் சைட்டுல நிக்க வச்சு, வீட்டுக்காரர் பணம் போடல, கூலி திங்கக்கிழமை வாங்கிக்கோங்கன்னு சொல்லி அனுப்புனீங்க. அதுல அந்த சித்தாள் அக்காவுக்கு ஒரு நாளைக்கு 600, ஆறு நாளைக்கு 3600. அவங்க இன்னைக்கு ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிட்டு அசனத்துக்கு வந்திருந்தாங்க. நீங்க கறி ஊத்தும்போது அவங்க உங்கள நிமிந்து பாக்கல. நான் பின்னாடி சோத்து வாளியோட வந்தேன்ப்பா, பாத்தேன். இத பாத்துட்டு நான் எப்படி கைய நீட்டி அப்பத்த வாங்க?"

வீட்டுக்காரர் பணம் போடலங்கிறது உண்மைதான். ஆனா அன்னைக்கு என் பையில பணம் இருந்துச்சு. பண்டிகைக்குன்னு எடுத்து வச்ச பணம்.

நான் சத்தம் போட்டேன். தொழில் தெரியாம பேசாதல, எல்லா காண்ட்ராக்டரும் இப்படித்தான்னு கத்துனேன். அவன் ஒன்னும் சொல்லாம உள்ள போயிட்டான். எனக்கு ராத்திரி தூக்கம் வரல. கூலிக்காரன் கூலி விடியிற வரைக்கும் உன்கிட்ட இருக்கக்கூடாதுன்னு வேதத்துல லேவியராகமம் 19ல இருக்கு, அந்த அதிகாரத்த கோயில்ல நானே வாசிச்சிருக்கேன் ஐயா. பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுதுன்னு யாக்கோபு 5ல இருக்கு, அதுவும் தெரியும். அது வேற யாரோ பெரிய பண்ணையாருக்கு எழுதுனதுன்னு நினைச்சிட்டேன் போல. காணிக்கை செலுத்த வந்த இடத்துல உன் சகோதரனுக்கு உன் பேர்ல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா காணிக்கைய அங்கேயே வச்சிட்டு முதல்ல போயி அவன்கிட்ட ஒப்புரவாகுன்னு மத்தேயு 5ல இயேசு சொன்னாரு. எனக்கு பலிபீடத்துக்கிட்ட ஞாபகம் வரல, பந்தியில அந்த அக்கா முகத்த பாத்தும் வரல, என் மகன் சொல்லித்தான் வந்துச்சு.

நம்ம வெள்ளாளன்விளையில 1874ல பிறந்து பின்னாடி பிஷப்பான அசரியா ஐயா 1910ல எடின்பரோவுல நடந்த மிஷனரி மாநாட்டுல பேசுனது நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியும். ஏழைங்களுக்கு உங்க பொருளெல்லாம் குடுத்தீங்க, உங்க சரீரத்தையே குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்கோம், எங்களுக்கு சிநேகிதர்களக் குடுங்கன்னு வெள்ளைக்காரங்க முன்னாடி சொன்னாரு. இத எத்தனையோ கூட்டத்துல கேட்டு கை தட்டியிருக்கேன். என் சைட்டுல வேலை பாக்குற 9 பேருக்கு முன்னாடி வெள்ளைக்காரன் இடத்துல நான்தான் நிக்கேன்னு அந்த ராத்திரிதான் தெரிஞ்சுது.

திங்கக்கிழமை காலையில வேற எங்கயும் போகல, முதல்ல பணத்த புரட்டிட்டு போயி 9 பேருக்கும் குடுத்துட்டு, பண்டிகைக்கு வச்சிருந்த பணத்துலயே உங்களுக்கு குடுத்திருக்கலாம், குடுக்கலன்னு சொல்லி மன்னிப்பு கேட்டேன். அவங்களுக்குத்தான் சங்கடமா போச்சு, விடுங்க மொதலாளின்னு சொன்னாங்க. அப்புறம் நானும் மகனும் கூலி நோட்ட எடுத்து வச்சு உக்காந்தோம். ரெண்டு வருஷ நோட்டு. அதுல கூலி தள்ளிப்போன சனிக்கிழமை மட்டும் இல்ல, வேற விஷயமும் இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மழை வந்து வேலை நின்ன நாள்ல எல்லாம் அரை நாள்னு எழுதியிருக்கேன், ஆனா மழை விட்டா வேலை இருக்குன்னு சொல்லி அஞ்சு மணி வரைக்கும் அவங்கள அங்கேயே நிக்க வச்சிருக்கேன். அந்த அரை நாளையெல்லாம் கூட்டி குடுத்தோம். ஒரு கொத்தனார் இப்ப கேரளாவுல இருக்காரு, அவருக்கு கூகுள் பேல அனுப்பினோம், எதுக்கு அனுப்புனீங்கன்னு போன் போட்டு கேட்டாரு.

வேலையிலயும் இருந்துச்சு ஐயா. பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், ஒன்னுக்கு நாலு கலவைன்னு பேசிட்டு ஒன்னுக்கு ஆறு போட்டா பெயிண்ட் அடிச்ச பின்னாடி யாருக்கும் தெரியாது, அஞ்சாறு வருஷம் கழிச்சு ஆணி அடிக்கும்போதுதான் பொலபொலன்னு கொட்டும். நான் சிமெண்ட்ல கை வச்சதில்ல. ஆனா பூசுன சுவர தண்ணி ஊத்தி நனைக்கிறது குறைஞ்சது 7 நாள் வேணும்னு தெரிஞ்சும், அடுத்த சைட்டுக்கு ஆள் வேணும்னு மூணு நாளோட நிறுத்துன வீடு இருக்கு. அதுல ஒரு வீட்டுல சுவர் பூரா முடி மாதிரி விரிசல், போயி என் செலவுல கொத்திட்டு மறுபடி பூசிக் குடுத்தேன். அந்த வீட்டு அண்ணாச்சி இந்து, எதுக்கு இப்ப வந்து செய்றீங்கன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்ல வரல, நேரமில்லாம விட்டுட்டேன் அண்ணாச்சி, அது தப்புன்னு மட்டும் சொன்னேன்.

இதெல்லாம் மனசு மாறுனா மட்டும் நடந்துராது, தொழில் முறையும் மாறணும். வீட்டுக்காரங்க பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சுன்னு கட்டம் கட்டமாத்தான் பணம் தருவாங்க, நடுவுல பணம் வராம காய்ஞ்சு கிடக்கும், அந்த கஷ்டம் முழுக்க கூலிக்காரங்க தலையிலதான் விழும். இப்ப வேலை ஆரம்பிக்கும்போதே மூணு வார கூலிய முன்பணமா வாங்கி தனி பேங்க் அக்கவுண்ட்ல போட்டுர்றோம், அக்ரிமெண்ட்லயே எழுதிர்றோம். இதனால ரெண்டு வேலை கை விட்டு போச்சு. வருத்தம்தான், போகட்டும். சித்தாள் கூலிய 100 ரூபா கூட்டியிருக்கேன், ஆம்பள கையாளுக்கும் அவங்களுக்கும் இன்னும் வித்தியாசம் இருக்கு, கல்லும் மண்ணும் ரெண்டு பேருக்கும் ஒரே கனம்தான், அத நான் இன்னும் சரி பண்ணல.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். சாட்சிப் பகுதியில வியாதி சுகமானது, விசா கிடைச்சது, வீடு கட்டுனதெல்லாம் போடுறீங்க, அதுக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கூடவே கடையில எடை குறைச்சவங்க, வட்டிக்கு குடுத்து நகைய எடுத்தவங்க, வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு தனி டம்ளர் வச்சவங்க, மகன் கல்யாணத்துக்கு வரதட்சணை வாங்குனவங்க, அத எப்படி திருப்பிக் குடுத்தாங்கன்னு எழுதச் சொல்லுங்க, பேர் போட வேண்டாம். வரி வசூலிக்கிற சகேயு வீட்டுக்கு இயேசு போனப்ப அவன் எந்திரிச்சு நின்னு பாட்டு பாடல, கணக்கு சொன்னான், பாதி ஏழைங்களுக்கு, அநியாயமா வாங்கினது நாலத்தனையான்னு. இன்னைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துச்சுன்னு இயேசு சொன்னது அதுக்கு அப்புறம்தான். நம்ம சபைகள்லயும் கோயில் வேலை பாக்குற கோயில்பிள்ளைக்கும் கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டுறவங்களுக்கும் நேரத்துக்கு சம்பளம் போகுதான்னு கமிட்டி முதல்ல பாக்கணும், பந்தலும் சீரியல் லைட்டும் அப்புறம் போடலாம்.

மகன் இன்னும் திருவிருந்து எடுக்கல. நான் வற்புறுத்தவும் இல்ல. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அவன்தான் ஒவ்வொரு கவர்லயும் பேர் எழுதி கையில குடுக்கான். போன வாரம் அந்த அக்கா பெரிய பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்னு ரெண்டு வார கூலிய முன்கூட்டியே கேட்டாங்க, என் முகத்த நேரா பாத்து கேட்டாங்க, குடுத்தோம்.

இப்படிக்கு
கிறிஸ்துவுக்குள் அன்புள்ள
ஒரு கட்டட காண்ட்ராக்டர்,
பாளையங்கோட்டை வட்டாரம்