அளவைச் சத்தமாகச் சொல்லாதீர்கள்: பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு தையல்காரியின் திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பள்ளி நிர்வாகிகளுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்து அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் சீருடை தைப்பவள். மூன்று மெஷின் போட்ட சின்னக் கடை. 22 வருஷமாக உங்கள் பிள்ளைகளின் தோளையும் இடுப்பையும் டேப்பால் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மேடையேறிப் பேசத் தெரியாது, அதனால்தான் மடல். முதல் தப்பு என்னுடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளியில் அளவெடுக்கப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வராந்தாவில் வரிசை. நான் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்ல, ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து என் உதவிக்கு வந்த பெண் நோட்டில் எழுதுவாள். மின்விசிறிச் சத்தம், பிள்ளைகள் சத்தம், இரண்டையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று கத்தித்தான் சொல்வேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். “வயித்த எக்காதத்தா, அப்புறம் டிரஸ் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டு, “இடுப்பு முப்பத்தாறு!” என்று கத்தினேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அடுத்து நின்ற பையன் “ரெண்டு ஆளுக்குத் துணி” என்றான். வாத்தியாரும் சிரித்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

அடுத்த வருஷம் அவளுடைய அம்மா தனியாகக் கடைக்கு வந்தார். போன வருஷத்துத் துணியையே பிடித்துத் தரச் சொன்னார். இடுப்பில் ஐந்து இஞ்ச் பிடிக்க வேண்டியிருந்தது. நான் நல்ல செய்தி என்று நினைத்து “இளைச்சிருக்காளே” என்றேன். அந்த அம்மா அழுதுவிட்டார். பிள்ளை காலையில் சாப்பிடுவதில்லையாம். மதியச் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வருகிறதாம். மூன்று மாதமாகத் தூரம் வரவில்லையாம். வளரும் வயதில் சாப்பாட்டை விட்டு வேகமாக இளைத்தால் மாதவிடாய் நின்றுபோகும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. “முப்பத்தாறு” என்ற சொல்லை அந்தப் பிள்ளை ராத்திரி தூக்கத்திலும் சொன்னதாம். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கத்தியது என் வாய்தான்.

என் ஒரு வார்த்தையால்தான் எல்லாம் வந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னும் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் விசேஷத்துக்குப் போனால் வணக்கத்துக்குப் பதில் உடம்பைத்தானே விசாரிக்கிறோம்? “என்னத்தா, ஒரு சுத்துப் பெருத்துட்ட”, “என்னய்யா, காத்தடிச்சாப் பறந்துருவ போலயே”, “ஆத்தா செவப்பு, இவ யாரக் கொண்டு பொறந்தா?” பாசமாகத்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. சொல்லிவிட்டு இலை போடப் போய்விடுவார்கள். கேட்ட பிள்ளை மட்டும் பணியாரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குக் கடைசி நேரத்தில் ஜாக்கெட் பிரித்துக் கொடுக்கப் போயிருந்தேன். முகப்பில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி, தாத்தா காலத்துச் சரக்கு. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று பெண் பிள்ளைகள் போனில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைப் பெரிதாக்கி, தாடையைக் குறுக்கி, தோலை வெளுப்பாக்கிக் காட்டுகிறதே, அந்த ஃபில்டரில். “பின்னாலதான் இவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கே” என்றேன். “அதுல அசிங்கமா தெரியுதுக்கா” என்றாள் ஒருத்தி. நல்ல லட்சணமான பிள்ளை.

கல்யாண வீட்டையும் போனையும் நீங்கள் திருத்த முடியாது. பள்ளிக்கூடம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

அளவெடுக்க ஓர் அறை கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை உள்ளே வரட்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண்தான் அளவெடுக்க வேண்டும். நான் இப்போது அளவை வாயால் சொல்வதே இல்லை, நானே எழுதிக்கொள்கிறேன். கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். காலரில் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று சீட்டு வைப்பதையும் நிறுத்திவிட்டேன். வகுப்பும் வரிசை எண்ணும் தைத்து விடுகிறேன். சட்டையைக் கழற்றிப் போட்டால் அடுத்தவன் எடுத்துப் படித்துச் சிரிக்க அதில் ஒன்றும் இருக்காது. உடல் பரிசோதனை நாளில் எடை பார்க்கும்போதும் இதே வழக்கம் வரட்டும். எடையை வகுப்புக்கே கேட்கும்படி வாசிப்பதால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கிலோ கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

அடுத்தது, எனக்கு ரொம்ப நாளாகக் கோபம் உள்ள விஷயம். “யூனிஃபார்ம் டைட்டா போட்டுட்டு வர்றா” என்று பெண் பிள்ளைகளை அசெம்பிளியில் நிறுத்துகிறீர்கள். அவள் டைட்டாகத் தைக்கச் சொல்லவில்லை, வளர்ந்துவிட்டாள். பெண் பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி வேகம் பையன்களைவிட ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிடும். உச்சத்தில் ஒரே வருஷத்தில் 8 செ.மீ. வரைக்கும் உயர்வார்கள், அதாவது 3 இஞ்ச்சுக்கு மேல். இடுப்பிலும் தொடையிலும் சதை வைப்பதும் அந்த வயதின் கணக்குதான், நோயில்லை. ஜூனில் தைத்தது கார்த்திகையில் பிடிக்கும். பள்ளி மொத்தமாகக் கொடுக்கும் ஆர்டரில் ஒரு செட்டுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க, உள்ளே விடும் துணியைத்தான் முதலில் வெட்டச் சொல்கிறார்கள். பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டால் தையலைப் பிரித்து இன்னொரு அரை வருஷம் ஓட்டலாம். அந்த ஒன்றரை இஞ்ச்சைக் கொடுங்கள். தீபாவளி கழிந்து ஒரு நாள் பிரித்துத் தர நானே மெஷினோடு வருகிறேன், கூலி வேண்டாம்.

பையன்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். மே மாத வெயிலில் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டு வரும் பையன்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். “அக்கா, நெஞ்சுல லூசா விடுங்க, ரெண்டு பக்கமும் பாக்கெட் வைங்க” என்று தரையைப் பார்த்துச் சொல்வான். அந்த வயதில் மார்புக் காம்புக்கடியில் சின்னக் கட்டி போல வருவது ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கு உள்ளதுதான். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாக வற்றிவிடும். இதை யாராவது ஒரு ஆண் வாத்தியார் வகுப்பில் சாதாரணமாகச் சொல்லிவிட்டால் எத்தனை பேர் நீச்சலுக்கும் கபடிக்கும் வருவார்கள்! பனியன் போட்டவன் சட்டையைக் கழற்றச் சொல்வார்களோ என்றுதான் விளையாட்டுப் பீரியடில் வயிற்றுவலி என்கிறான்.

கழுத்து அளவெடுக்கும்போது இன்னொன்று கண்ணில் படும். பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்திருக்கும். “தேய்ச்சுக் குளிக்க மாட்டேங்கிறா” என்று அம்மாக்கள் என் முன்னாலேயே திட்டுவார்கள். அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை பார்க்க வேண்டும். நாரைப் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். உங்கள் பள்ளிக்கு வரும் மருத்துவரிடம் பெற்றோர் கூட்டத்தில் இதை மட்டுமாவது பேசச் சொல்லுங்கள்.

கறுப்பு என்றதும் ஆண்டு விழாவுக்கு வருகிறேன். போன தடவை கிராமிய நடனத்துக்குக் கண்டாங்கி கட்டினார்கள். நம் ஊர்ச் சேலை, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமாய் அந்தக் கட்டம் மாநிறத்திலும் கறுப்பிலும்தான் எடுப்பாக நிற்கும். முந்தி வெயிலில் நின்று உழைத்த பெண்கள் உடுத்தின சேலை அது. அதைக் கட்டிவிட்டுச் சிவத்த பிள்ளைகளாகப் பொறுக்கி முன்வரிசையில் விட்டார்கள். நன்றாக ஆடுகிறவள் மூன்றாம் வரிசையில் நின்றாள். மேக்கப் போட வந்தவர் அத்தனை பேருக்கும் ஒரே வெள்ளைப் பவுடரை அப்பியதில் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்.

மூன்றாம் வரிசையில் நின்ற அந்தப் பிள்ளை அதற்கப்புறம் ஒரு களிம்பு வாங்கிப் பூச ஆரம்பித்துவிட்டாள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது, நாம் விடவில்லை. இவள் வாங்கியது அதுவும் இல்லை, ஸ்டீராய்டு கலந்தது. 2018-லேயே மருத்துவர் சீட்டில்லாமல் இந்தக் களிம்புகளை விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை மாற்றியது. ஆனாலும் கிடைக்கிறது. முதல் மாதம் வெளுத்த மாதிரி இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, பரு வெடித்து, வெயில் பட்டால் சிவந்து எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். அதனால் மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். இந்த வருஷம் வரிசையை ஆட்டத்தைப் பார்த்துப் பிரித்து விடுங்கள். முடியாவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், அதுவும் நியாயம்தான்.

பிள்ளைகள் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்று ஒரு எண் இருக்கிறது. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, காசில்லை, தமிழில் பேசலாம். பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் அச்சடியுங்கள். கட்டண விவரம் அதற்குப் பின்னால் வந்தால் போதும்.

முப்பத்தாறு என்று நான் கத்திய பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சாப்பிடுகிறாள். போன மாதம் சுடிதார் தைக்க வந்தாள். டேப்பை எடுத்தேன், “அக்கா, நானே அளந்து எழுதித் தரேன்” என்றாள். கொடுத்தேன். ஒரு இஞ்ச் குறைத்துத்தான் எழுதியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு இஞ்ச் சேர்த்து வெட்டினேன்.

ஏப்ரல் கடைசியில் அளவெடுக்க வருவேன். மறைப்புக்குத் திரைத்துணி நானே தைத்துக் கொண்டு வருகிறேன். அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தையல்காரி,
காரைக்குடி