2023–24 ஆண்டறிக்கை: சட்டியைக் குறைச்சு ஏரியைப் பார்ப்பம்

அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். இந்த அறிக்கையைப் போன மாசமே வாசிச்சிருக்க வேணும், முதல்ல ஹோல் கிடைக்கேல்லை, ஹோல் கிடைச்ச அண்டைக்குத் தலைவர் ஐயா வீட்டுக் கலியாணம், அப்பிடியே பிந்திப் போச்சு, குறை நினைக்காதேங்கோ. வழமையா செயலாளர் அறிக்கை எண்டால் எல்லாம் "இனிதே நடந்தேறியது" எண்டு எழுதி முடிக்கிறதுதான். இந்த முறை கொஞ்சம் இனிதே நடக்கேல்லை, அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறன்.

எங்கட சங்கம் இவ்வளவு வருசமும், ரொறன்ரோவுக்கு வடக்கை ஏரியள் நிறைஞ்ச மஸ்கோக்காப் பக்கம் போறது எண்டால் சமரிலை ஒரு நாள். ஸ்காபரோவிலை இருந்து ஹைவே 400, பிறகு 11, ட்ராஃபிக் இல்லாட்டி ரெண்டு மணித்தியாலம் சொச்சத்திலை கிரேவன்ஹர்ஸ்ற். போய் இறங்கின உடனை பெரிய கிடாரம், காஸ் அடுப்பு, கோழி, ஆடு, ஐஸ் பெட்டி எல்லாம் இறக்கி, சமைச்சு, சாப்பிட்டு, கழுவி, திரும்ப ஏத்தி, இருட்ட முந்தி வெளிக்கிடுறது. ஏரி எங்கட முதுகுக்குப் பின்னாலை இருக்கும். அதுதான் போன வருசக் கூட்டத்திலை நான் வாயைத் திறந்து, நாலு சீசனும் போவம், கொஞ்சம் படம் கீறுறது, பாட்டு, நடை எண்டு வைப்பம் எண்டு சொன்னன். அப்ப நீயே செயலாளரா இரு எண்டு தலையிலை கட்டிப் போட்டியள்.

முதல் பயணம் விக்ரோறியா டே வார இறுதி, மே 20. இதைப் பற்றிக் கனக்கச் சொல்ல ஒண்டும் இல்லை, பிளாக் ஃப்ளை கடிச்சது, அவ்வளவுதான். ஓடுற தண்ணியிலை பெருகிற பூச்சி அது, மே நடுப்பகுதியிலை இருந்து ஜூன் பாதி வரைக்கும் அதின்ரை ராச்சியம், காதுக்குப் பின்னாலையும் மயிர் தொடங்கிற இடத்திலையும் தேடிப் பிடிச்சுக் கடிக்கும், கடுநிற உடுப்பு எண்டால் இன்னும் விருப்பம். நாங்கள் எல்லாரும் ஒற்றுமையாத் தெரியட்டும் எண்டு கடும் நீல ரீசேர்ட் அடிச்சுக்கொண்டு போனனாங்கள். அந்த ரீசேர்ட் ஐடியா ஆற்றை எண்டு இஞ்சை சொல்லேல்லை, அவருக்கே தெரியும்.

ஜூனிலை ஒண்டும் வைக்கேல்லை. காட்டுத்தீப் புகை ரொறன்ரோ வரைக்கும் வந்து மூடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வயசு போன ஆக்களைக் கூட்டிக்கொண்டு வெளியிலை போற நேரம் இல்லை எண்டு கொமிற்றி முடிவெடுத்தது.

ஜூலையிலை ரெண்டு இரவு கொட்டேஜ். இதைத்தான் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும், ஏனெண்டால் நல்லதும் இதிலைதான் நடந்தது, மானம் போனதும் இதிலைதான்.

முதல்ல நல்லது. ஞாயிற்றுக்கிழமை கிரேவன்ஹர்ஸ்ற் துறையிலை செக்வன் கப்பல் ஏறினனாங்கள். 1887இலை நிப்பிசிங் எண்ட பேரிலை இரும்பு உடம்போடை கட்டி, பிறகு 1925இலை உருமாத்தி செக்வன் எண்டு பேர் வைச்ச கப்பல், ஒஜிப்வே பாஷையிலை அதுக்கு வசந்தகாலம் எண்டு அர்த்தமாம். ரோட்டு இல்லாத காலத்திலை இந்த ஏரிக்கரை வீடுகளுக்குத் தபாலும் சாமானும் கொண்டு போனது, 1958இலை நிண்டு போய் 1981இலைதான் திரும்ப ஓடத் தொடங்கினது. நிலக்கரி போட்டு நீராவியிலை ஓடுற கப்பல். எங்கட ஐயா ஒருத்தர், காங்கேசன்துறை சீமெந்து ஃபக்ரறியிலை வேலை செய்தவர், எஞ்சினைப் பார்க்கலாம் எண்டு கேள்விப்பட்ட உடனை கீழை இறங்கினவர்தான், ஏரி, தீவு, பெரிய பெரிய காசுக்காரற்றை வீடு எல்லாம் நாங்கள் மேலை நிண்டு பார்க்க, அவர் கடைசி வரைக்கும் அந்தச் சூட்டுக்குள்ளையே நிண்டு பிஸ்ரன் போய் வாறதைப் பார்த்துக்கொண்டு நிண்டவர். ஏறி வரேக்கை சேர்ட்டு முழுக்க நனைஞ்சு, கண்ணாடியிலை ஆவி, "எண்ணெய் மணம் அப்பிடியே அதே மணம்" எண்டு மட்டும் சொன்னார். அவருக்கு ரிக்கற் எடுத்த காசு வீண் இல்லை.

அண்டைக்குப் பின்னேரம் கல் லேக் பார்க்கிலை தண்ணிக்கு மேலை மேடை போட்டு நடக்கிற கச்சேரி. சமர் ஞாயிறுகளிலை நடக்கிறது, நாங்கள் கதிரை கொண்டு போய்ச் சரிவிலை போட்டுக்கொண்டு இருக்க வேணும், வாசலிலை ரிக்கற் இல்லை, விருப்பமானதைப் போடுறது. எங்கட ஆக்கள் போட்ட காசைப் பற்றி நான் கதைக்கேல்லை. ஆனால் ஒண்டு சொல்ல வேணும், அங்கை வந்த சனம் பாட்டு நடக்கேக்கை கதைக்கேல்லை, ஃபோனைத் தூக்கேல்லை, எங்கட விழாவிலை பின்வரிசையிலை நடக்கிற கூத்தை நினைச்சு எனக்கு வெக்கமாப் போச்சு.

சனிக்கிழமை கனூ பழக்கினது. ஒவ்வொருத்தருக்கும் அளவான லைஃப் ஜக்கற் வள்ளத்திலை இருக்கிறது சட்டம், எங்கட விதி இருக்கிறது மட்டும் போதாது, போட்டிருக்க வேணும். வல்வெட்டித்துறை ஐயா "கடலிலை பிறந்தவனுக்கு உது என்னத்துக்கு" எண்டு சண்டை பிடிச்சார், அவற்றை பேத்திதான் இழுத்துக் கட்டி விட்டவ. ஏறின ஐயா துடுப்பைக் கையிலை எடுத்துக்கொண்டு, கட்டுமரத்திலை நிக்கிற மாதிரி எழும்பி நிண்டார். கனூவுக்கு அடி உருண்டை, ஒடுக்கம், அதிலை முழங்காலிலை இருக்க வேணும், எழும்பி நிண்டால் அது மன்னிக்காது. மற்றப் பக்கத்தாலை அழகா ஒரு வட்டம் அடிச்சுக் கவிண்டது. ஐயா மிதந்துகொண்டு கையை ஆட்டினார், தொப்பி தனிய மிதந்தது, கரையிலை நிண்ட சின்னனுகள் கை தட்டினதுகள். பிறகு அண்டைக்கு முழுக்க ஆருக்கும் ஜக்கற் போடச் சொல்ல வேண்டி வரேல்லை, தாங்களாவே போட்டவை.

இப்ப மானம் போன கதை. கொட்டேஜ் வீடுகளுக்கு நகரத்துக் கழிவுக் குழாய் இல்லை, நிலத்துக்குக் கீழை செப்ரிக் தாங்கி, அதுக்குள்ளை இருக்கிற பக்ரீரியாதான் எல்லாத்தையும் கரைக்குது. எண்ணெயும் சோறும் அதுக்கு எதிரி. நான் சிங்க்குக்கு மேலை தமிழிலை பெரிசா எழுதி ஒட்டினனான், "சோறு ஊத்த வேண்டாம், எண்ணெய் ஊத்தவே வேண்டாம்" எண்டு. இரவு பத்து மணிக்கு ஆரோ றோல்ஸ் பொரிச்ச எண்ணெயை அந்தக் கடுதாசியைப் பார்த்துக்கொண்டே ஊத்தியிருக்கினம். விடிய நாலு மணிக்கு பாத்ரூம் தண்ணி மேலை வருது. இருபத்தொரு பேர், ரெண்டு பாத்ரூம். மிச்சத்தை நீங்களே கற்பனை பண்ணுங்கோ. வீட்டுக்காரர் எங்கட டெப்பொசிற்றிலை பெரும்பகுதியை வைச்சுக்கொண்டார், நான் அவரிலை குறை சொல்ல மாட்டன், பிழை எங்கட. பொருளாளர் அண்ணை கணக்கு வாசிக்கேக்கை "இதரச் செலவு" எண்டு ஒரு வரி வரும், அது இதுதான், அதைப் பற்றி ஆரும் கேள்வி கேக்கத் தேவையில்லை.

ஓகஸ்ற் 12 சனி இரவு டொறன்ஸ் பேரன்ஸ். கிரேவன்ஹர்ஸ்ற்றுக்கு மேற்கை, 1999இலை கனடாவிலை முதல்முதலா இருட்டைப் பாதுகாக்கிறதுக்கெண்டு ஒதுக்கின இடம். கனேடியப் பாறைத் தட்டு, மண் மெல்லிசு, அதாலை பெரிய மரம் குறைவு, பாறையிலை மல்லாக்கப் படுத்தால் நாலு பக்கமும் வானம். பெர்சீட் எரிகல் மழை உச்சிக்கு வாற நாள் அது, நாலு நாளிலை அமாவாசை எண்டபடியால் நிலவும் இடைஞ்சல் இல்லை. ஸ்விஃப்ற்-டட்டில் எண்ட வால்வெள்ளி விட்டுப்போன தூசிக்குள்ளாலை பூமி போறதுதான் இது எண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு வடிவா விளங்கப்படுத்தினது, அந்தப் பிள்ளையை அடுத்த கொமிற்றியிலை போடுங்கோ. ஃபோன் வெளிச்சம் போடக் கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னாலும் ஃபோட்டோ எடுத்தவை இருக்கினம். இருட்டு ஃபோட்டோ, கறுப்பாத்தான் வந்திருக்கும்.

அண்டிரவு தூரத்து ஏரியிலை இருந்து லூன் பறவை கூப்பிட்டது. எங்கட ஒரு டொலர்க் குத்தியிலை 1987இலை இருந்து இருக்கிற அதே பறவைதான், கறுப்பு வெள்ளைப் புள்ளி, சிவப்புக் கண். தினம் கையிலை வைச்சிருக்கிற காசிலை இருக்கிறதை முப்பது வருசமா ஒருக்காலும் கேட்டிருக்கேல்லை. பக்கத்திலை படுத்திருந்த அம்மம்மா ஒராள் திடுக்கிட்டு எழும்பி "ஆரோ பிள்ளை அழுகுது, ஆரெண்டு பாருங்கோ" எண்டா. பறவை அம்மா எண்டு சொல்ல, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்திட்டு, "இல்லை, இது ஒப்பாரி தெரிஞ்ச பறவை" எண்டு திரும்பப் படுத்திட்டா.

செப்ரெம்பர் கடைசிச் சனி அல்கொங்குயின் பார்க். ஃபோலிலை இலை நிறம் மாறுறதைப் பார்க்கிற வார இறுதிகளிலை பெர்மிற் முன்கூட்டியே ஒன்லைனிலை எடுக்காட்டி வாசலிலை திருப்பி அனுப்புவினம், அதை வட்ஸ்அப்பிலை பதினொரு தரம் போட்டனான், ரெண்டு குடும்பம் எடுக்காமல் வந்து ஹன்ற்ஸ்வில்லிலை கோப்பி குடிச்சிட்டுத் திரும்பிப் போனது, பிறகு என்னோடை கோவம். (அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லுறது: ஹன்ற்ஸ்வில் சுவருகளிலை குழு எழுவர் (Group of Seven) எண்ட கனடா ஓவியர் குழுவின்ரை ஓவியங்களைப் பெரிசாக் கீறி வைச்சிருக்கினம், கோப்பியோடை அதையாவது பார்த்திருக்கலாம்.)

கனூ லேக் கரையிலைதான் எங்கட படப் பட்டறை. ரொம் தொம்சன் எண்ட கனடா ஓவியர் 1917 ஜூலையிலை செத்த ஏரி அது, 39 வயசு, கனூவிலை தனியப் போனவர், எட்டு நாளுக்குப் பிறகுதான் உடம்பு கிடைச்சது, எப்பிடிச் செத்தவர் எண்டு இண்டைக்கும் சனம் வாதாடிக்கொண்டிருக்கு. குழு எழுவர் சேர்ந்தது 1920இலை, அவர் அதிலை இல்லை, ஆனால் அவர் இல்லாமல் அந்தக் குழுவும் இல்லை. அவர் காட்டிலை இருந்து கீறினது சின்னச் சின்னப் பலகைகளிலை, எட்டரை அங்குலம், பத்தரை அங்குலம். நாங்களும் அதே அளவுக்குப் பிளைவூட் வெட்டிக்கொண்டு போனனாங்கள். வெட்டித் தந்தவர் எங்கட உபதலைவி அக்காவின்ரை மனுசன், ஒவ்வொண்டுக்கும் ஓரம் தேய்ச்சு விட்டவர், ஒரு கையிலும் சிராய் ஏறேல்லை.

நான் அண்டைக்குத்தான் விளங்கினனான், மேப்பிள் சிவப்பு எண்டு நாங்கள் சொல்லுறது ஒரு நிறம் இல்லை. சிவப்பு ரியூபைப் பிதுக்கி அப்பிடியே பூசின ஆக்களின்ரை பலகை எல்லாம் தக்காளிச் சொதி மாதிரி இருந்தது. புடவைக் கடை வைச்சிருக்கிற அக்கா மட்டும் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்திட்டு, "இது அரக்கு, அதிலை கொஞ்சம் மாம்பழ மஞ்சள், நிழல் பக்கம் கத்தரிப்பூ" எண்டு சொல்லிச் சொல்லிக் கலந்தா. அவவின்ரை பலகையைத்தான் இண்டைக்கு மேசையிலை வைச்சிருக்கிறன், போகேக்கை பாருங்கோ, தொடாதேங்கோ. அண்டைக்கு சமையல் இல்லை, ஆளுக்கு ரெண்டு பாண் துண்டு, முட்டை, ஃபிளாஸ்க்கிலை தேத்தண்ணி. அஞ்சு மணித்தியாலம் ஒரே இடத்திலை இருந்தனாங்கள். பசிக்குது எண்டு முறைப்பாடு வந்தது ஒரே ஒராளிட்டை இருந்து, அது தலைவர் ஐயா.

ஒக்ரோபரிலை, தாங்ஸ்கிவிங்குக்கு அடுத்த வார இறுதி, பாலா ஊரிலை கிரான்பெரித் திருவிழா. வயலுக்குத் தண்ணி விட்டுப் பழத்தை அடிச்சு விட, உள்ளை காத்து அறை இருக்கிறபடியால் பழம் முழுக்க மேலை மிதக்கும், வயல் முழுக்கச் சிவப்பு. சனம் கூட, பார்க்கிங்குக்கே ஒரு மணித்தியாலம். வாங்கின பழத்திலை எங்கட அக்கா ஒராள் களாக்காய் ஊறுகாய் மாதிரிப் போட்டு வைச்சவ, அது பயணத்தை விடத் திறம்.

விண்டர் பயணம் தோல்வி. ஆரோஹெட் பார்க்கிலை காட்டுக்குள்ளாலை 1.3 கிலோமீற்றர் ஐஸ் பாதை போட்டு விடுவினம், அதிலை ஸ்கேற் பண்ணத்தான் பெப்ரவரியிலை திட்டம். 2023–24 விண்டர் கனடாவிலை 1948இலை இருந்து பதிஞ்ச கணக்கிலை ஆகச் சூடான விண்டர், நாங்கள் போன அண்டைக்கு எங்களுக்குக் கிடைச்சது சேறு. பதிலுக்கு ஸ்ரப்ஸ் அருவி வரைக்கும் நடந்தனாங்கள், பாறை விளிம்பிலை ஐஸ் விழுது விழுதாத் தொங்க நடுவாலை தண்ணி கறுப்பாப் பாய்ஞ்சது. ஸ்கேற் வாங்கின ஆக்கள் அடுத்த வருசத்துக்கு வைச்சிருங்கோ, பிள்ளையளின்ரை கால் வளந்திடும் எண்டு தெரியும், ஆளுக்காள் மாத்திக்கொள்ளுங்கோ. தங்கட பாட்டிலை ஏரி ஐஸிலை இறங்க நினைக்கிறவைக்கு, தனி ஆள் நடக்கவே 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேணும் எண்டு செஞ்சிலுவை சொல்லுது, கண்ணாலை பார்த்து அளக்க ஏலாது.

மார்ச்சிலை மேப்பிள் பாணி காய்ச்சுற கொட்டில் பார்த்தனாங்கள். இரவு உறைஞ்சு பகல் இளகினால்தான் மரம் பால் விடும், 40 லீற்றர் வத்தினால் 1 லீற்றர். பனங்கட்டி காய்ச்சின வீட்டு ஆக்கள் ரெண்டு பேர் அடுப்படியை விட்டு அரக்கேல்லை, கருப்பணி எப்ப இறக்கிறது, இது எப்ப இறக்கிறது எண்டு அந்த வெள்ளைக்கார ஐயாவோடை அரைகுறை இங்கிலீசிலையும் கையாலையும் அரை மணித்தியாலம் கதைச்சினம். ரெண்டு பக்கத்துக்கும் எல்லாம் விளங்கினது.

வாற வருசத்துக்குக் கொமிற்றி முன்வைக்கிற பிரேரணை: பயணத்துக்கு ஒரு சட்டிதான், அதுவும் வீட்டிலை சமைச்சுக்கொண்டு வர வேணும், பொரிக்கிற வேலை அங்கை இல்லை. இதுக்குக் கையுயர்த்தி வோட் எடுப்பம், எதிர்க்கிறவை காரணம் சொல்ல வேணும். ஏழு மணிக்கு பஸ் எண்டால் ஏழு மணிக்கு பஸ், எட்டே முக்காலுக்கு ஃபோன் எடுத்து "எங்கை நிக்கிறியள்" எண்டு கேட்டால் நான் வழியிலை பரி (Barrie) ஊரிலை நிக்கிறன் எண்டு சொல்லுவன். மே மாசப் பயணத்துக்கு வெளிர் நிற உடுப்பு.

கடைசியா, ஜூலையிலை கொண்டு போன பெரிய கிடாரத்தின்ரை மூடியும் பச்சை நிறக் கூலரும் இன்னும் திரும்பி வரேல்லை. ஆற்றையாவது கராஜிலை இருக்கும். கேள்வி கேக்க மாட்டன், ஹோல் வாசலிலை வைச்சிட்டுப் போங்கோ.

இப்படிக்கு,
செயலாளர்