அலுவலகத்தில் உன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு

காஞ்சிபுரம்
1.2.2026

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நீண்ட மின்னஞ்சலை அப்பா அச்செடுத்துக் கொடுத்தார். மூன்று முறை படித்துவிட்டேன். ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்ற தெத்சுயா யமகாமிக்கு ஜனவரி 21ஆம் தேதி நாரா மாவட்ட நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்த செய்தியை இங்கேயும் பார்த்தோம். ஆனால் அன்று மாலை உன் அலுவலகத்தில் நடந்த பேச்சு எந்தச் செய்தித்தாளிலும் வராது என்பதால், அதை நீ அவ்வளவு விரிவாக எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. "அவர் சுடாமல் இருந்திருந்தால், மத அமைப்புக்குப் பணத்தைக் கொட்டிய பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றி இந்த நாட்டில் யார் பேசியிருப்பார்கள்?" என்று உன் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் பெண் கேட்டதாகவும், உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றும், யோசிக்க யோசிக்க அவள் சொல்வதே சரி என்று படுவதாகவும் எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் பேசினால் பாதியிலேயே வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவோம் என்பதால் பதிலை எழுதியே அனுப்புகிறேன்.

2022 ஜூலை 8ஆம் தேதி நீ ஒசாகாவுக்குப் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. செய்தியைக் கேட்டதும் நான் உன்னை அழைத்து முதலில் கேட்டது என்னவென்று நினைவிருக்கிறதா? "கடைகளை அடைத்துவிட்டார்களா? ரயில் ஓடுகிறதா? நீ வெளியே போகாதே" என்றேன். தலைவர் ஒருவர் கொல்லப்பட்டால் அடுத்த மணி நேரத்தில் தெருவில் என்ன நடக்கும் என்பதை 1984இலும் 1991இலும் பார்த்த தலைமுறை எங்களுடையது. எனக்கு வேறு கேள்வி தோன்றவில்லை. ரயில்கள் நேரம் தவறாமல் ஓடுகின்றன என்றும், அலுவலகத்தில் எல்லோரும் பேச்சற்று நிற்கிறார்கள் என்றும் நீ சொன்னாய். யமாட்டோ-சைதாய்ஜி நிலையத்தின் எதிரே, காலை 11:30 மணியளவில், பிரசாரத்தில் பேசிக்கொண்டிருந்தவரை முதுகுப்புறமிருந்து கையால் செய்த துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள்; மாலை 5:03 மணிக்கு அவர் மரணம் உறுதி செய்யப்பட்டது; இரண்டே நாளில், அறிவித்தபடியே ஜூலை 10 அன்று மேலவைத் தேர்தலில் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். துக்கத்தைக் காரணம் காட்டி வாக்குப் பெட்டியைத் தள்ளி வைக்காத அந்த நிதானத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

இங்கே ஜூலை 9 அன்று நாடு முழுவதும் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்திருந்தார்கள். சீனாவில் இணையத்தில் பலர் கொண்டாடினார்கள் என்பதும், அழுதபடி செய்தி சொன்ன சீனப் பெண் பத்திரிகையாளர் ஒருவரை அதற்காகவே தூற்றினார்கள் என்பதும் என்னை உலுக்கின. ஜப்பானின் போர்க்காலக் கொடுமைகளின் நினைவு அங்கே இன்னும் ஆறாத புண் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அழுதவளைத் தண்டிப்பதற்கு அந்தப் புண் காரணமாகாது.

கொன்றவர் கொரியர் என்று முதல் நாளே உன் ஊர்ச் சமூக ஊடகங்களில் வதந்தி கிளம்பியதை அப்போது நீ போகிறபோக்கில் சொன்னாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்பதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

1991 மே 21ஆம் தேதி இரவு, நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தபோது, நான் வகுப்பாசிரியராக இருந்த ஒன்பதாம் வகுப்பில் அகதி முகாமிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் இருபுறமும் பெஞ்சு காலியாகக் கிடந்தது. கணக்கில் கெட்டிக்காரி. அவளோடு உட்கார வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருப்பதாகப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர், மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவதே அந்தப் பெண்ணுக்கும் நல்லது என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. இரண்டு வாரத்தில் அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். ஒரு கொலைக்கு ஊர் பதில் சொல்லத் தொடங்கும்போது, அந்தப் பதிலின் பாரம் குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு குழந்தையின் தலையில் போய் இறங்குவதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். அவளிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது இந்த முப்பத்தைந்து ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது.

சரி, உன் தோழியின் கேள்விக்கு வருகிறேன். ஜப்பானில் நடந்தது நான் எதிர்பார்த்ததைப் போல இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வாரம் முழுவதும் மலர்க்கொத்துகளும் கண்ணீரும்தான். ஜூலை 12 அன்று டோக்கியோவின் சோஜோஜி கோயிலில் இறுதிச் சடங்கு நடந்தபோது சவ ஊர்தி போன வழியெங்கும் மக்கள் நின்றார்கள். அதற்குள் யமகாமியின் காரணம் வெளியே வரத் தொடங்கிவிட்டது. அவருடைய தாய் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்கு ஏறக்குறைய பத்துக் கோடி யென் கொடுத்து, 2002இல் திவாலானவர். தந்தை முன்பே தற்கொலை செய்துகொண்டார். பின்னாளில் அண்ணனும் அப்படியே போனார். அந்த அமைப்போடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சிக்கு 2021 செப்டம்பரில் அபே காணொளி வாழ்த்து அனுப்பியிருந்தார். இவையெல்லாம் தெரிந்த பிறகு மக்களின் மனம் திரும்பிய வேகம் என்னை வியக்க வைத்தது. செப்டம்பர் 27இல் புடோகான் அரங்கில் அரசு மரியாதையோடு இறுதி நிகழ்ச்சி நடத்துவதைக் கருத்துக் கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தார்கள். ஆறு நாள் முன்பு பிரதமர் அலுவலகத்தின் அருகே ஒரு முதியவர் தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். "அம்மா, ஒரே சாவுக்கு ஒரே ஊரில் இரண்டு வரிசை, ஒன்று பூவோடு, இன்னொன்று பதாகையோடு" என்று அன்று நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

அந்த இரண்டு வரிசையையும் நான் தவறு சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு வரிசை சத்தமில்லாமல் உருவானதே, அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சிறையிலிருந்த யமகாமிக்கு உணவும் உடையும் பணமும் வந்து குவிந்தன. 2023 ஜூனில் நாரா நீதிமன்றத்துக்கு வந்த ஓர் அட்டைப்பெட்டியை வெடிபொருளோ என்று அஞ்சி, அன்றைய அமர்வையே ரத்து செய்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தவை அவருக்குத் தண்டனையைக் குறைக்கக் கோரும் ஆயிரக்கணக்கானோரின் கையொப்பங்கள். கையெழுத்திட்டவர்களில் பலர் தங்கள் வாழ்க்கையை அவருடைய வாழ்க்கையில் பார்த்திருப்பார்கள் என்பது புரிகிறது. கருணை கோருவது யாருக்கும் உள்ள உரிமை. கடந்த நவம்பரில் அந்தத் தாய் நீதிமன்றத்தில் அபேயின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்று படித்தபோது, அவரால் எத்தனை பேர் அழிந்தார்கள் என்று தெரிந்திருந்தும் எனக்குக் கண் கலங்கியது. இரக்கத்தை நான் மறுக்கவில்லை, மகளே. நன்றியைத்தான் மறுக்கிறேன். யமகாமி சுட்டதால்தான் உண்மை வெளியே வந்தது என்று சொல்லும்போது, நாம் அறியாமலே அந்தத் துப்பாக்கிக்கு நன்றி சொல்லிவிடுகிறோம்.

உண்மை மறைந்திருக்கவே இல்லை. அந்த அமைப்பின் பண வசூலால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்கறிஞர்கள் 1987இலேயே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் வழக்குகளை நடத்தினார்கள். 2021இல் அபேயின் காணொளி வெளியான சில நாள்களிலேயே அதே வழக்கறிஞர்கள் அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தை நாடு பொருட்படுத்தியிருந்தால், ஒரு நிருபராவது அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கேள்வி கேட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. கொலைக்குப் பிறகு ஆளுங்கட்சி தானே நடத்திய கணக்கெடுப்பில், அதன் 379 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 179 பேருக்கு அந்த அமைப்போடு ஏதாவது ஒரு தொடர்பு இருந்தது தெரியவந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்த ஒன்று எப்படி மறைபொருளாக இருந்திருக்க முடியும்? சொன்னவர்கள் இருந்தார்கள்; கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இன்னொன்றையும் உன் தோழிக்குச் சொல்லலாம். சுடுவதற்கு முந்தைய நாள், அந்த அமைப்பை விமர்சித்து எழுதிவந்த ஒரு பத்திரிகையாளருக்கு யமகாமி அனுப்பிய கடிதத்தில், அபே தன்னுடைய உண்மையான எதிரி அல்ல என்று அவரே எழுதியிருந்தார். கைக்கு எட்டாதவர்களை விட்டுவிட்டு, எட்டியவரைக் கொன்றிருக்கிறார். 67 வயது மனிதர் அவர். அவருக்கும் ஒரு தாய் அப்போது உயிரோடு இருந்தார். அவருடைய அரசியலில் நான் ஏற்க முடியாதவை நிறைய உண்டு, ஆனால் அவற்றுக்குப் பதில் சொல்ல அடுத்த தேர்தல் இருந்தது.

மாற்றம் எப்படி வந்தது என்பதையும் பார். பாதிக்கப்பட்டோர் நிவாரணச் சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது. அமைப்பைக் கலைக்கும்படி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2025 மார்ச்சில் உத்தரவிட்டது. இவை தாமாக நடந்தவையா? 2022 அக்டோபரில் டோக்கியோவில் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் முன்னால் ஓர் இளம்பெண், தன் கணவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, அந்த அமைப்பில் பிறந்து வளர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, அதை நிறுத்தச் சொல்லியும், அவருக்கு மனநலம் சரியில்லை என்று கூறியும், பெற்ற தாய் தந்தையின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. உலகத்தின் முன்னால், சொந்தப் பெற்றோரே இவள் பேச்சை நம்பாதீர்கள் என்று எழுதி அனுப்பிய அந்த நிமிடத்தில், அவர் அழுதுகொண்டே தொடர்ந்து பேசினார். நாடாளுமன்றத்தின் கதவைத் திறந்தது யார் என்று என்னைக் கேட்டால் அந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன்.

2023 ஏப்ரலில் வாகாயாமாவின் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிரதமர் கிஷிதாவை நோக்கி 24 வயது இளைஞன் வெடிகுண்டு வீசியதையும், அங்கே நின்றிருந்த மீனவர் அவனைப் பிடித்ததையும் மறக்காதே. யமகாமியைப் பார்த்துத்தான் அவன் செய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "சுட்டால்தான் கேட்பார்கள்" என்று ஓர் அலுவலகத்தில் படித்தவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் நாட்டில், அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் உன் மௌனம்கூட என்னைக் கவலைப்படுத்தியது. ஆசிரியர் அறையில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சைதாய்ஜியில் இறங்கி நடந்தபோது அந்த இடத்தில் நினைவுச்சின்னம் எதுவும் இல்லை, அருகில் ஒரு மலர்ப்பாத்தி மட்டும் இருந்தது என்று எழுதியிருந்தாய். நகராட்சி அப்படி முடிவு செய்ததை அப்பா குறை சொல்கிறார். எனக்கு அது சரியென்றே தோன்றுகிறது. தினமும் அவ்வளவு பேர் கடந்துபோகும் சாலையில் கொலை நடந்த இடத்தைக் கல்லில் பொறித்து வைப்பதால் யாருக்கு என்ன கிடைத்துவிடும்?

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில், அந்தப் பெண் ஏழெட்டு வருடங்களாகத் தன் தாய் வீட்டுக்குப் போகவில்லை என்றும், ஏனென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள் என்றும் ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். மேலே நான் எழுதிய வாதத்தையெல்லாம் அவளிடம் போய் ஒப்பிக்காதே. அது உனக்காக எழுதியது. அவளைச் சாப்பிட அழைத்து, ரசம் வைத்துக் கொடு. அவளாகத் தன் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேள். நடுவில் யமகாமியின் பேரை எடுக்காதே.

அன்புடன்,
அம்மா