டோக்கன் எண்ணை எழுதிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்லூரில் 31 வருடம் விசைத்தறி ஓட்டியவன் நான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு கைப்பேச்சு இருந்தது. இரண்டு விரலைக் கத்தரி போல அசைத்தால் பாவு நூல் அறுந்துவிட்டது. பெருவிரலை வாயருகே சாய்த்தால் டீ வந்துவிட்டது. வெளியே வந்தால் நன்றாகவே கேட்கும். ஐம்பது வயதைத் தாண்டியதும் வெளியிலும் கேட்காமல் போனது. தறிச் சத்தம் உள்காதில் உள்ள மயிரிழை போன்ற நுண்ணிய செல்களை அழித்துவிட்டது, அவை திரும்ப வளராது என்று காது டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எழுதிக் காட்டிய ஒரே டாக்டர் அவர்தான்.

போன மாதம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மதுரையில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் 47. காலை எட்டரைக்கே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா கதவைத் திறந்து எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். முகத்தில் மாஸ்க் இருந்ததால் உதட்டசைவும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, பக்கத்தில் இருந்தவரிடம் டோக்கனைக் காட்டினேன். என்னை மூன்று தரம் கூப்பிட்டார்களாம்; 60ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சொன்னதற்கு, "காது கேக்கலேன்னா கூட ஆள் கூட்டிட்டு வரவேண்டியதுதானே பெரியவரே" என்றார்கள். கேட்க வேண்டாத அந்த வாக்கியம் மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது.

மகள் திருமங்கலத்தில் வேலைக்குப் போகிறாள். நான் டோக்கன் எண்ணைத் தெரிந்துகொள்ள அவள் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டுமா? அந்தக் கூடத்துச் சுவரில் பெரிய டிவி இருக்கிறது. காலையிலிருந்து நகைக்கடை விளம்பரம் ஓடுகிறது. அதில் எண்ணைப் போட வேண்டாம், ஒரு கரும்பலகையில் எழுதினால்கூடப் போதும்.

"காது மெஷின் மாட்டியிருக்கிறீர்களே" என்பார்கள். மெஷின் டாக்டரின் குரலோடு மின்விசிறியையும் குழந்தை அழுகையையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். கவுன்ட்டரைச் சுற்றி ஒரு கம்பி வளையம் போட்டு மைக்கை அதில் இணைத்தால், டெலிகாயில் என்ற சின்னக் கம்பிச்சுருள் உள்ள மெஷினுக்குப் பேச்சு மட்டும் நேராக வந்துவிடும். சரி, அதற்குச் செலவாகும். சாக்பீஸுக்கு என்ன செலவு?

காது கேளாதவர் என்றதும் சைகை மொழிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. பிறவியிலேயே கேளாத பிள்ளைகளுக்கு அது தாய்மொழி மாதிரி. 2023இல் உச்ச நீதிமன்றத்தில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளருடன் ஆஜரானாரே, அந்த வசதி திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களுக்கும் காவல் நிலையத்துக்குப் போகிறவர்களுக்கும் வேண்டும். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் காது போன எனக்கு அந்த மொழி தெரியாது. தறிக்கூடத்துக் கைப்பேச்சை வைத்து டாக்டரிடம் சர்க்கரை அளவைக் கேட்க முடியுமா? எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதிலும் 70 டெசிபல் கேட்கும் திறன் இழந்தவர் காது கேளாதவர்; 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். நான் இரண்டாவது ரகம். தகவல் தொடர்பு என்றால் என்ன என்று அதே சட்டம் விளக்கும் இடத்தில், எழுத்தில் காட்டுவதும் சைகையும் சேர்ந்தே இருக்கின்றன. அப்புறம் ஏன் எல்லாவற்றையும் வாயால் மட்டும் சொல்கிறார்கள்?

ஏடிஎம் கார்டு தொலைந்தபோது ஒரு வங்கிக்குப் போனேன். எனக்குக் காது கேட்காது, கார்டை முடக்க வேண்டும் என்றேன். அந்தத் தம்பி மிகப் பொறுமையாக ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எங்களை வைத்தே பழமொழி சொல்கிறார்கள். ஊதுகிறவர் சங்கைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் கரைப்பக்கம் எச்சரிக்கை மைக்கில்தான் வருகிறது. பக்கத்து வீட்டு மருமகள் வந்து கையை ஆட்டித் தெரிவிப்பாள். அவள் ஊரில் இல்லாத நாளை நினைத்தால்தான் பயம்.

அடுத்த மாதம் மறுபடி மாத்திரைக்குப் போக வேண்டும். ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கி வைத்திருக்கிறேன். நர்ஸம்மாவிடம் கொடுத்துப் பார்க்கப்போகிறேன்.

ஓய்வுபெற்ற விசைத்தறித் தொழிலாளி,
செல்லூர், மதுரை.