செயலாளரின் ஆண்டறிக்கை: பின்பருவ வாத்து வேட்டை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, குடும்பத்தினரே, எல்லோருக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். இந்த வருடம் சேர்ந்த புதிய உறுப்பினர்கள் அனைவரும் துவக்குப் பாதுகாப்பு வகுப்பையும் கனடாவின் ஒன்ராறியோ மாகாண வேட்டைக் கல்வி வகுப்பையும் முடித்து, வலசைப் பறவை வேட்டைக்கான மத்திய அரசின் அனுமதியையும் அதோடு சேர்ந்த வாழிடப் பாதுகாப்பு முத்திரையையும் எடுத்த பிறகுதான் வயலுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பாராட்டுகள். செப்டெம்பர், ஒக்ரோபர் மாத வேட்டைகள் வழக்கம்போல நடந்தன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை.

இனி டிசம்பருக்கு வருகிறேன். பருவத்தின் கடைசி வாரங்களைப் பற்றி இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வர இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கூகொக் ஏரி ஆழம் குறைந்தது. குளிர் இறுகியதும் அது சீக்கிரமே உறைந்துவிடும். அதுவரை அங்கே இரவு தங்கிய கனடா வாத்துகள் தெற்கே ஒன்ராறியோ ஏரிக்கு இறங்கிவிடுகின்றன. 244 மீற்றர் வரை ஆழமுள்ள அந்த ஏரி, கரையோரம் உறைந்தாலும் நடுவே திறந்தே கிடக்கும். இரவில் ஏரியில் தங்கி, பகலில் அறுவடை முடிந்த சோள வயலுக்குப் போய் உதிர்ந்த மணிகளைப் பொறுக்குவதுதான் குளிர்காலத்தில் அவற்றின் நாளாந்த வேலை. செப்டெம்பரில் விடிந்ததும் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று பறக்கிற பறவைகள், வெப்பநிலை மைனஸ் 15க்குக் கீழே போனால் லேசில் கிளம்பாது. வெயில் நன்றாக ஏறிய பிறகு, சில நாள் மத்தியானத்துக்குக் கிட்ட, ஒரே ஒரு தடவை வயலுக்கு வரும். உடம்புச் சூட்டைச் சேமிப்பதுதான் காரணம். ஆகவே இருட்டோடு போய் விறைத்துக்கிடப்பதை மூத்த உறுப்பினர்கள் நிறுத்திவிட்டார்கள். புதியவர்களும் நிறுத்தலாம்.

இந்தக் குளிரில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒன்றைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் ஒரு நாள், பறவைகளைக் கவர்ந்திழுக்க, வழக்கம்போல நின்றபடி மேய்கிற போலி வாத்துகளை வரிசையாக வைத்தோம். முதல் கூட்டம் தூரத்திலேயே மேலெழும்பி விலகிப் போய்விட்டது. அப்போது எங்கள் தம்பி ஒருவர் பக்கத்து வயலைப் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "அங்க ஒண்டும் நிக்கேல்ல அண்ணை, எல்லாம் குந்தி இருக்குது" என்றார். உண்மைதான். உயிருள்ள பறவைகள் காலை வயிற்றுக்கு அடியில் மடக்கி, கழுத்தைச் சுருக்கி, காற்றுக்கு முகம் காட்டிப் பனியில் அமர்ந்திருந்தன. உடனே எல்லாப் போலி வாத்துகளின் கால்களையும் கழற்றி, உடலை மட்டும் பனியில் பதித்தோம். அவற்றின் முதுகில் படிந்து மின்னிக்கொண்டிருந்த உறைபனியையும் தூரிகையால் தட்டிவிட்டோம். அடுத்து வந்த கூட்டம் இரண்டு தடவை வட்டமடித்து, இறக்கைகளை விறைப்பாக விரித்து, காற்றை எதிர்த்து நேரே எங்கள் முன்னால் இறங்கியது.

துவக்குகளுக்கும் குளிர் பிடிக்காது. சாதாரண எண்ணெய் தடித்துப்போய் இயக்கத்தை மந்தமாக்கும். அதைத் துடைத்தெடுத்துவிட்டு உலர் மசகைப் பூசுங்கள். சூடான வாகனத்துக்குள் கொண்டுபோய் மறுபடி வெளியே எடுத்தால், படிந்த ஈரம் உள்ளேயே உறைந்துவிடும். வாத்துக் குரல் ஊதியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருங்கள். மூச்சின் ஈரம் அதன் உள்ளே அதிரும் நாக்கில் உறைந்தால் சத்தமே வராது.

சரி, தீர்மானத்துக்கு வருவோம். ஆற்றோர வயல் ஒன்றில் தூரத்தில் போன பறவையை ஓர் உறுப்பினர் சுட, அது காயத்தோடு பறந்து ஆற்றின் ஓரப் பனிக்கட்டியில் விழுந்தது. பனிக்கட்டி உடைந்து, எடுக்க ஓடிய நாய் தண்ணீருக்குள் போய்விட்டது. நாய்க்கு மிதப்புச் சட்டை போட்டிருந்ததால் தானாகவே ஏறி வந்தது. துடைத்து, போர்வையால் சுற்றி, வாகனத்தில் சூடேற்றினோம். பறவை கிடைக்கவில்லை. அந்த நாய் நடுங்கிக்கொண்டு கிடந்ததையும், பறவை நீரோடு போனதையும் பார்த்த எவருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எனவே நிர்வாகக் குழு முன்வைப்பது இதுதான்: டிசம்பருக்குப் பிறகு 35 யார் (சுமார் 32 மீற்றர்) தூரத்துக்கு அப்பால் சுடக்கூடாது, பறவை பனிக்கட்டியிலோ ஓடும் நீரிலோ விழக்கூடிய இடத்தில் சுடவே கூடாது. ஈயக் குண்டு 1999 முதல் நாடு முழுவதும் பெரும்பாலான வலசைப் பறவை வேட்டையில் தடை. நாம் பயன்படுத்தும் உருக்குக் குண்டு ஈயத்தைவிட இலேசானது, தூரம் கூடக் கூட வேகம் சட்டென்று இறங்கும். குளிர்கால வாத்துக்கோ இறகும் கொழுப்பும் தடிப்பு. தூரத்திலிருந்து சுடுவது அதைக் காயப்படுத்துமே தவிர வீழ்த்தாது. அத்தோடு, சுட்ட பறவையை உடனே தேடி எடுக்க முயல வேண்டும் என்பதும், உண்ணக்கூடிய இறைச்சியை வீணாக்கக்கூடாது என்பதும் சட்டத்திலேயே உள்ளவை.

"பூங்கா முழுக்க வாத்துதானே, இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். பெரிய கனடா வாத்து (giant Canada goose) என்ற இந்த உள்ளினம் 1950களில் அழிந்துபோய்விட்டதாகவே நம்பப்பட்டது. 1962இல் மினசோட்டாவின் ரொச்செஸ்டரில் குளிர்காலம் கழித்த ஒரு கூட்டத்தை உயிரியலாளர் ஹரோல்ட் ஹான்சன் பரிசோதித்த பிறகுதான் அது உயிரோடிருப்பது தெரிந்தது. வலசைப் பறவைகளைக் காக்க கனடாவுக்கும் அமெரிக்காவுக்குமாகச் செய்யப்பட்ட 1916 ஒப்பந்தம் மார்ச் 10 முதல் செப்டெம்பர் 1 வரை வேட்டையை மூடி வைத்திருப்பதும், பருவத்தின் நீளத்துக்கு எல்லை வைத்திருப்பதும் சும்மா அல்ல. இன்று பறவைகள் நிறைந்திருப்பதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

பறவைகளின் நடமாட்டத்தை அறிய மாட்டும் வளையம் காலில் இருந்த பறவை ஒன்றும் இம்முறை கிடைத்தது. வளையத்தில் இருந்த இலக்கத்தைப் பறவை வளைய அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டோம். இங்கே ஒன்ராறியோவின் கிங்ஸ்வில்லில் பறவைச் சரணாலயம் நடத்திய ஜாக் மைனர், தான் மாட்டிய வளையங்களில் பைபிள் வசனங்களைப் பொறித்தவர். அதைச் சொன்னபோது பிள்ளைகள் வளையத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

பறவைக் காய்ச்சல் இன்னும் போகவில்லை. நோய்வாய்ப்பட்டோ தானாக இறந்தோ கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள். துப்புரவு செய்யும்போது கையுறை, பிறகு சவர்க்காரம். இறைச்சியின் உட்சூடு 74 பாகை செல்சியஸ் வரும்வரை சமையுங்கள்.

தை மாத ஒன்றுகூடலில் நெஞ்சிறைச்சியை மெல்லிதாகச் சீவிப் பிரட்டலாகவும், கால்களை யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு அரைநாள் மெல்லிய நெருப்பில் குழம்பாகவும் சமைத்த அக்காமாருக்கு நன்றி. வயலைத் திறந்துவிட்ட கமக்காரர் குடும்பங்களுக்கும் ஒவ்வொரு பாத்திரம் போனது. அவர்களின் வேண்டுகோள் ஒன்றுதான்: பனி இளகும் நாட்களில் வாகனத்தை வயலுக்குள் இறக்க வேண்டாம். தயவுசெய்து கடைப்பிடியுங்கள்.

சந்தா நிலுவையை ஓகஸ்ட் முடிவதற்குள் கட்டிவிடுங்கள். இவ்வறிக்கையையும் மேலே சொன்ன தீர்மானத்தையும் சபை ஏற்குமாறு முன்மொழிகிறேன். அதன் பிறகு நிர்வாகக் குழுத் தெரிவு நடைபெறும்.

இப்படிக்கு,
செயலாளர்